சல்லடைக் கண்ணில் இருந்த மாவு

பன்னிரண்டு மாதம் முழுதாக ரொட்டி, கேக், பிஸ்கட், நூடுல்ஸ் என்று எதையும் தொடாமல் இருந்துவிட்டு, பரீட்சையில் நல்ல மதிப்பெண் வரும் என்று தெரிந்த பிள்ளை மாதிரி மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கோதுமையில இருக்கிற குளூட்டன் எங்கிருந்தோ உள்ளே போயிட்டே இருக்கு. எங்கேன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் ஏமாற்றவில்லை. ராத்திரி எழுந்து போய்த் திருட்டுத்தனமாக எதையும் தின்னவில்லை. பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டும்போது ஓரமாகத் தண்ணீர்க் கோப்பையோடு நின்றவள் நான். என் நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டும், டிடிஜி என்று சுருக்கிச் சொல்லும் அந்த எதிர்ப்பொருள் அளவு முதல் ஆறு மாதத்தில் நன்றாக இறங்கியது, அப்புறம் பாதி வழியில் நின்றுவிட்டது. முழுக்க இறங்கச் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்று அவரே சொன்னார். ஆனால் இறங்கிக்கொண்டே இருப்பது வேறு, நின்றுபோவது வேறு.

கொஞ்சம் பின்னால் போகிறேன். எனக்கு சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் கெடுகிற நோய்) என்று தெரிவதற்கு முன் எட்டு வருடம் வெறும் ரத்தசோகைக்காரியாக இருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். வாய்ப்புண் வரும், போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "நல்லா சாப்பிடுங்க" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நல்லா சாப்பிட்டேன், முழுக்கோதுமை ரொட்டியாகப் பார்த்துப் பார்த்து. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், எடை குறைதல் என்று புத்தகத்தில் போட்டிருக்கிற எதுவும் எனக்குப் பெரிதாக இல்லை. பெரியவர்களில் நிறையப் பேருக்கு இந்த நோய் இப்படித்தான் ரத்தசோகை வேஷத்தில், எலும்புத் தேய்மானம் வேஷத்தில், காரணம் தெரியாத களைப்பு வேஷத்தில் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது, அதில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் ஆரம்பப் பகுதியிலிருந்து சில துணுக்குகள் எடுத்துப் பார்த்தார்கள். வெல்வெட் துணியின் இழைபோல் நிமிர்ந்து நிற்க வேண்டிய குடல் விரலிகள் எனக்கு ஒட்ட வெட்டிய புல்தரை மாதிரி இருந்தன. உணவிலிருக்கும் இரும்பை உடம்பு உறிஞ்சுவது முக்கியமாக அந்த முதல் பகுதியில்தான். சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். எட்டு வருட மாத்திரை எங்கே போனது என்று அன்றைக்குப் புரிந்தது.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதங்களுக்கான பொதுப்பெயர். பிசைந்த மாவு இழுத்தால் அறுந்து போகாமல் நீள்கிறதே, அது கோதுமை குளூட்டன் செய்யும் வேலை. இந்தப் புரதங்களை நம் செரிமான நொதிகளால் முழுசாக வெட்டவே முடியாது, யாராலும் முடியாது. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு வெட்டுப்படாமல் அப்படியே மிஞ்சுகிறது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் குடலில் அது பாட்டுக்குப் போய்விடும். டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ள சிலருக்கு மட்டும் உடம்பின் காவல்படை அந்தத் துண்டை எதிரி என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறது, சண்டை நடக்கிற இடம் நம் சொந்தக் குடல். அந்த மரபணு ஊரில் மூன்றில் ஒருவருக்காவது இருக்கும். ஆனால் அவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் நோய் வருகிறது.

ஆக, இது ஒவ்வாமை இல்லை. வேர்க்கடலை தின்று தொண்டை அடைத்துக்கொள்வது மாதிரி சாப்பிட்ட உடனே ஏதாவது ஆகிவிடாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடனே ஒன்றும் ஆகாததால்தான் சுற்றியுள்ளவர்கள் நம்ப மறுக்கிறார்கள், அதைவிட மோசமாக நாமே நம்ப மறுக்கிறோம். எனக்கு அறிகுறி ரொம்பக் குறைவு. ஒரு நாள் தெரியாமல் ஏதாவது உள்ளே போனால் சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்து விஷயம் தெரிந்துவிடும். அவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு விதத்தில் பொறாமையாக இருக்கும் (இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, வாந்தி எடுப்பவர்கள் மன்னிக்க வேண்டும்). எனக்கு எந்த மணியும் அடிக்காது. குடல் மட்டும் சத்தமில்லாமல் வழுக்கையாகிக்கொண்டிருக்கும்.

சரி, எங்கிருந்து போனது?

முதல் சந்தேகம் சோயா சாஸ் மேல் விழுந்தது. சோயா என்று பெயரிலேயே இருக்கிறதே என்று யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. வழக்கமான சோயா சாஸ் சோயாவையும் கோதுமையையும் சேர்த்து நொதிக்க வைத்துச் செய்வது. ஆனால் அதை நான் முதல் வாரத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டேன், எல்லாப் பட்டியலிலும் முதல் இடம் அதற்குத்தான். சூப்பைக் கெட்டியாக்கப் போடும் மாவு தெரியும். வறுத்த எண்ணெய் தெரியும். பதப்படுத்திய இறைச்சி, பொட்டலத்தில் வரும் மசாலாக் கலவை, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் திருப்பிப் பின்பக்கம் படித்துத்தான் வாங்கினேன். அப்படி ஒரு மிதப்பு எனக்கு.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் மேஜையில் எடுத்து வைத்தேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாய் பேசவில்லை, ஆனால் முகத்தில் "நான்தான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனோ" என்பது எழுதியிருந்தது. சமையல் பெரும்பாலும் அவள்தான்.

ஏழாவதோ எட்டாவதோ டப்பா, கார்ன்ஃப்ளேக்ஸ். ஒரு வருடமாகக் காலையில் நான் சாப்பிட்டது. சோளம்தானே. பெட்டியின் முன்பக்கம் முழுக்கச் சோளக்கதிர் படம். பின்னால் உள்ள பொருட்பட்டியலில் சோளம், சர்க்கரை, உப்பு, அதற்கு அடுத்து மூன்று சொல்: பார்லி மால்ட் சாறு. கோதுமை என்ற சொல்லைத் தேடித் தேடியே என் கண் பழகியிருந்தது. பட்டியலில் கோதுமை இல்லை, அதனால் கண் தாண்டிப் போய்விட்டது. ஒரு வருடம், வாரத்தில் ஐந்து நாள்.

மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி. இனிப்பும் வறுத்த வாசனையும் கிடைக்கும் என்பதற்காகக் காலை உணவு வகைகளில், சாக்லேட்டுகளில், சத்துமாவுப் பானங்களில் சேர்ப்பார்கள். மால்ட் வினிகர் அதிலிருந்துதான். பியரும் அதிலிருந்துதான். (காய்ச்சி வடித்த மதுவில் புரதம் ஏறி வராது, அதனால் கோதுமையிலிருந்து வடித்ததாக இருந்தாலும் குளூட்டன் இருக்காது. இது எனக்குப் பயன்படாத தகவல், யாருக்காவது பயன்படட்டும்.) சில நாடுகளில் ஒவ்வாமைப் பொருள் என்று தடித்த எழுத்தில் போட வேண்டிய கட்டாயம் குளூட்டன் உள்ள எல்லாத் தானியத்துக்கும் உண்டு. அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் கோதுமைக்கு மட்டும்தான், பார்லிக்கும் ரைக்கும் இல்லை. ஆக, 'கோதுமை இல்லை' என்பதும் 'குளூட்டன் இல்லை' என்பதும் ஒன்றில்லை. எத்தனையோ தடவை படித்த வாக்கியம்தான், பெட்டியைக் கையில் வைத்திருந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

லேபிள் படிப்பது தனி வித்தை. ஸ்பெல்ட், டியூரம், செமோலினா, பல்கர், கூஸ்கூஸ், செய்டான், டிரிட்டிக்கேலி என்று கோதுமைக்கும் அதன் சொந்தபந்தங்களுக்கும் இருக்கிற பெயர்களைப் பார்த்தால் தலைமறைவுக் குற்றவாளி நினைவுக்கு வருவான். இன்னொரு பக்கம் பெயரைக் கேட்டாலே பயமுறுத்தும் அப்பாவிகள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின், பெயரில் மால்ட் இருக்கிறது, பொருளில் இல்லை. பக்வீட், பெயரில் வீட் இருக்கிறது, அது கோதுமைக் குடும்பமே இல்லை. குளூட்டினஸ் ரைஸ் என்று ஓர் அரிசி, சமைத்தால் ஒட்டும் என்பதால் வந்த பெயர், குளூட்டன் ஒரு துளி கிடையாது. முதல் மாதத்தில் இந்த மூன்றையும் பார்த்து அலறி ஓடியிருக்கிறேன், அதே மாதத்தில் பார்லி மால்ட்டை நிம்மதியாகப் பாலில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

கார்ன்ஃப்ளேக்ஸ் பிடிபட்டதும் வழக்கு முடிந்தது என்று டப்பாக்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினேன். அப்போதுதான் அம்மா எழுந்து போய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கான மாவைச் சலிப்பதும் அதில்தான், எனக்கான அரிசி மாவைச் சலிப்பதும் அதில்தான். "கழுவிட்டுத்தான் சலிப்பேன்" என்றாள். கழுவித்தான் இருந்தாள், அதில் பொய் இல்லை. சல்லடையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சத்தில் கம்பி வலை பளபளவென்று இருந்தது, நடுவில் எல்லாம் சுத்தம். விளிம்பில், வலை வளையத்துக்குள் செருகி மடிந்திருக்கும் இடத்தில், சுற்றிலும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. விரலால் தேய்த்தால் வரவில்லை. ஊசியால் நெம்பினேன், காய்ந்த பசை மாதிரி சின்னச் சின்னச் செதிலாக வந்தது. ஈரம் பட்டுப் பட்டுக் கட்டிதட்டிய மாவு. வலையின் கண்களிலும் அங்கங்கே அடைத்திருந்தது, ஒரு கண் விட்டு ஒரு கண், எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக. சலிக்கும்போது தட்டுகிறோம் இல்லையா, ஒவ்வொரு தட்டுக்கும் அதிலிருந்து கொஞ்சம் என் மாவில் விழுந்திருக்கும்.

அம்மா என் கையிலிருந்து சல்லடையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவூண்டு தானேடி" என்றாள். சமாதானம் சொல்லத்தான் வாயெடுத்தாள், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

இந்த 'இவ்வளவூண்டு'வைத்தான் சொல்ல வந்தேன். சீலியாக்கோடு வாழ்வதில் ரொட்டியை விடுவது கஷ்டமே இல்லை, மூன்று மாதத்தில் நாக்கு மறந்துவிடும். இந்தச் சொல்லோடு வாழ்வதுதான் கஷ்டம். கொஞ்சம்தானே. ஒரு வாய்தானே. மேலே இருக்கிறதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும். நம் மேல் அன்பு உள்ளவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். எனக்காகவே கேக் செய்து எடுத்து வந்த சித்தி, "மாவு பாதிதான் போட்டேன், மீதி முந்திரித் தூள்" என்று முகம் மலரச் சொன்னபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை. வேண்டாம் என்றேன். சித்தி ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அளவைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உணவுப் பொருள்களுக்கு உலக அளவில் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2008இல் வைத்த எல்லை, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக்கூடாது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதே 20தான். அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் உணவை ஒரு நாளில் அரைக் கிலோ சாப்பிட்டால் 10 மில்லிகிராம் உள்ளே போகும். பெரும்பாலான சீலியாக்காரர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். இத்தாலியில் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்ததில் குடல் விரலிகள் தேயத் தொடங்கியிருந்தன. ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது 2 கிராமுக்குக் குறையாது, அதாவது 2000 மில்லிகிராம். 50 என்றால் ரொட்டித் துண்டை நாற்பதாக வெட்டி அதில் ஒன்று. 10 என்றால் இருநூறாக வெட்டி ஒன்று. ரொட்டியைக் கையால் பிய்க்கும்போது தட்டில் சிந்துமே, அதுதான் கணக்கு. சித்தியின் பாதி மாவு கேக்கைப் பற்றி இந்தக் கணக்கில் பேசவே வேண்டாம்.

இதைக் கூட்டத்தில் நின்று விளக்க முடியாது. விளக்கினால் பைத்தியம் என்பார்கள். நான் இப்போதெல்லாம் "எனக்கு ஒத்துக்காது" என்று சொல்வதில்லை, "எனக்குக் குடல் நோய் இருக்கு, மருந்தே இந்தச் சாப்பாடுதான்" என்று சொல்கிறேன். நோய் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை ஒத்துக்காது என்ற சொல்லுக்கு இல்லை. எடை குறைக்க, முகம் பளபளக்க என்று குளூட்டனை விடுகிறவர்கள் வேறு பெருகிவிட்டார்கள். அவர்கள் உணவகத்தில் குளூட்டன் இல்லாத பாஸ்தா வாங்கிக்கொண்டு, தொட்டுக்கொள்ள இரண்டு துண்டு ரொட்டியும் கேட்கும்போது, அடுத்த மேஜையில் நான் சொல்வதைப் பரிமாறுபவர் எப்படி நம்புவார்? ஆனால் அவர்களால்தான் கடையில் எனக்குத் தேர்ந்தெடுக்க நாலு பொருள் வந்திருக்கிறது, அதனால் முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை.

உணவகத்தில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். "இதில் குளூட்டன் இருக்கா?" என்று கேட்கக்கூடாது. அப்படி ஒரு சொல்லையே கேள்விப்படாதவர்கூடப் பளிச்சென்று "இல்லை" என்று சொல்லிவிடுவார், வாடிக்கையாளருக்கு நல்ல பதில் சொல்வது அவர் வேலை. சூப்பை எதைப் போட்டுக் கெட்டியாக்குகிறீர்கள், உருளைக்கிழங்கு வறுக்கிற எண்ணெயில் வேறு என்ன வறுப்பீர்கள், இறைச்சியை ஊற வைக்கிற கலவையில் என்ன சாஸ் என்று கேட்டால் அவருக்குச் சமையலறைக்குள் போய்க் கேட்டு வர வேண்டியிருக்கும். அவர் உள்ளே போய்விட்டு வருகிறாரா என்பதைப் பார்த்துத்தான் நான் அங்கே சாப்பிடுவதா இல்லையா என்று முடிவு செய்கிறேன். உருளைக்கிழங்கில் ஒன்றும் இல்லை, ஆனால் ரொட்டித்தூள் பூசிய கோழி முங்கி எழுந்த எண்ணெயில் அது வெந்திருந்தால் எனக்கு ஆகாது. எண்ணெய்ச் சூட்டில் குளூட்டன் செத்துவிடாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கிருமி இல்லை, சாவதற்கு. புரதம். சூட்டில் வெந்து வடிவம் மாறும், நம் காவல்படை அடையாளம் வைத்திருக்கிற துண்டு அப்படியே இருக்கும். கைக்குத் தடவும் சானிட்டைசரும் இதில் வேலைக்காகாது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி வெளியே அனுப்புவது ஒன்றுதான் வழி.

அன்று சல்லடைக்குப் பிறகு அம்மாவே துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். என்னைவிடக் கெட்டிக்காரி. வெண்ணெய் டப்பாவைத் திறந்து காட்டினாள், மஞ்சள் பரப்பில் கத்தி இழுத்த தடமும் அந்தத் தடத்தின் ஓரத்தில் பழுப்பாக மூன்று ரொட்டித் துணுக்கும். ரொட்டியில் தடவிய கத்தியைத் திரும்ப வெண்ணெயில் விடுவது யாரும் யோசித்துச் செய்கிற காரியமா? ஜாம் பாட்டிலிலும் அதே கதை. டோஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது மேஜையில் ஒரு கைப்பிடி விழுந்தது, அதில்தான் என் குளூட்டன் இல்லாத ரொட்டியையும் அவ்வப்போது சுட்டிருக்கிறேன், விலை உயர்ந்த ரொட்டியை வாங்கி மாசுபடுத்திச் சாப்பிட்டிருக்கிறேன். விரிசல் விட்ட மரக்கரண்டி, கீறல் விழுந்த வெட்டுப்பலகை, வடிதட்டின் துளைகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தன. அப்பா வந்து பார்த்துவிட்டு வீடு மாற்றுகிறோமா என்று கேட்டார்.

இப்போது எனக்கென்று சல்லடை, வடிதட்டு, டோஸ்டர், பலகை தனி. வெண்ணெய் தனி டப்பா. எதிலும் நீலத் துணிநாடா கட்டியிருக்கும், அது அம்மாவின் யோசனை. கோதுமை மாவு சலிக்கிற நேரத்தில் நான் சமையலறைக்குள் போவதில்லை, மாவு காற்றில் எழுந்து மெதுவாகத்தான் இறங்கும், அந்த நேரத்தில் திறந்திருக்கும் பாத்திரம் எல்லாம் மூடியிருக்க வேண்டும். மேல் அடுக்கில் என் பொருள், கீழ் அடுக்கில் மற்றவை, சிந்தினால் கீழேதான் சிந்தும் என்பதால். முழு வீட்டையும் குளூட்டன் இல்லாததாக மாற்றிவிடலாம் என்று தம்பி சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. என் ஒருத்தியின் குடலுக்காக நாலு பேர் ரொட்டியை விட வேண்டும் என்றால் எல்லாரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரையைக் கட்டியாகப் பிடித்து வைக்க ஸ்டார்ச் சேர்ப்பார்கள், பெரும்பாலும் சோளம் அல்லது உருளைக்கிழங்கு, எப்போதாவது கோதுமை. அளவு மிகக் குறைவுதான், ஆனாலும் தினமும் சாப்பிடுவதென்றால் மருந்தாளுநரிடம் கேட்டுவிடுவது நல்லது. நானாக எந்த மருந்தையும் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்த வேண்டாம். உதட்டுச் சாயத்தில்கூடக் கோதுமை எண்ணெய், கோதுமைப் புரதம் இருக்கலாம், தோலில் பட்டால் பிரச்சினை இல்லை, வாய்க்குள் போனால்தான். ஓட்ஸ் ஒரு தலைவலி. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வயலிலும் வண்டியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது, அதனால் குளூட்டன் இல்லாதது என்று சோதித்து முத்திரை குத்தியதுதான் வாங்க வேண்டும். அதிலும் சிலருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்ளாது. நான் ஓட்ஸ் பக்கமே போகவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு வாழ இது ஒன்று எதற்கு.

இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டுபிடித்த கதை எனக்கு எப்போதும் வியப்பு. 1924இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ வைத்தியம் என்று ஒன்றை அறிவித்தார். பிள்ளைகள் உண்மையிலேயே தேறினார்கள். வாழைப்பழம் தின்ற பிள்ளைகளுக்கு அவர் ரொட்டியை நிறுத்தியிருந்தார். பாராட்டெல்லாம் வாழைப்பழத்துக்குப் போய்விட்டது, தேறிய பிள்ளைகள் திரும்ப ரொட்டிக்குப் போனார்கள். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45, அங்கே பெரும்பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை, ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஊரே வாடிய நேரத்தில் சீலியாக் பிள்ளைகளின் உடம்பு மோசமாகவில்லை. ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி படுத்தார்கள். டிக்கே 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டை அளித்தார், அதிலிருந்து இன்றுவரை வைத்தியம் மாறவேயில்லை: சாப்பிடாதே. நடுவில் எத்தனையோ மருந்து முயற்சிகள். மூன்றாம் கட்டம்வரை வந்த லாராசோடைட் என்ற மருந்தின் ஆய்வை 2022இல் நிறுத்திவிட்டார்கள். விருந்துக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொண்டால் குளூட்டனைச் செரித்துவிடும் என்று விற்கிற நொதி மாத்திரைகளை நம்பி சீலியாக்காரர்கள் ரொட்டி சாப்பிடக்கூடாது. விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் மனத்தாங்கல்.

கார்ன்ஃப்ளேக்ஸும் போனது, சல்லடையும் போனது. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது, அடுத்த ஆறு மாதத்தில் இயல்பு நிலைக்குள் வந்தது. ஹீமோகுளோபின் மாத்திரை இல்லாமலே நிற்கிறது. இரண்டில் எது குற்றவாளி என்று எனக்குத் தெரியப் போவதில்லை, இரண்டையும் ஒரே நாளில் தூக்கில் போட்டாயிற்று. அம்மா மட்டும் சல்லடைதான் என்று நம்புகிறாள். நான் மால்ட் என்றுதான் நினைக்கிறேன், கணக்குப்படி பார்த்தால் அதுதான் அதிகம். பலமுறை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்கிறாள், அப்புறம் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தப் பழைய சல்லடையை எடுத்துக் காட்டுகிறாள். அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.

மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும், நெருங்கிய ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று. அம்மா, அப்பா, தம்பி மூவருக்கும் இல்லை. தங்கை மட்டும் மூன்று வருடமாக நழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு அவ்வளவுதான் என்பாள். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது சாதாரணமாக, பேச்சோடு பேச்சாக, "இரும்பு மாத்திரை போட்டும் ஏற மாட்டேங்குதாம்" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. அவளே கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பார்த்துக்கிறேன்" என்றாள்.

டிடிஜியோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், டிடிஜி பரிசோதனை தேடுவது ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையைத்தான், சிலருக்கு உடம்பில் அதுவே குறைவாக இருந்து பரிசோதனை ஏமாற்றிவிடும். நேற்றுக் காலை ரத்தம் கொடுத்தாள். ராத்திரி அழைத்தாள். பயத்தில் மதியத்திலிருந்தே ரொட்டியை நிறுத்திவிட்டாளாம். வீட்டிலிருந்த பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

அதைச் செய்யாதே என்று கத்தினேன். ரத்தத்தில் வந்தால் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டியிருக்கும், அதுவரைக்கும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால்தான் குடலில் தெரியும், இப்போது நிறுத்தினால் ஆறத் தொடங்கிவிடும், இருக்கிற நோய் இல்லை என்று வந்துவிடும். "நாளைக்குக் காலைல கடைக்குப் போய் ரொட்டி வாங்கு. தினமும் சாப்பிடு" என்றேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"கொஞ்சமா வேண்டாம்" என்றேன். "நல்லா சாப்பிடு."